கடைசிப் பேருந்தின் விலை: கம்பம் பள்ளத்தாக்கில் குடும்பங்களின் பயணச் செலவு



நம் மாவட்டப் பொருளாதாரம் பற்றி எனக்குப் பிடித்த ஒரு பொருளில் பேசலாம் என்று இந்தக் கல்லூரியின் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கான அழைப்பில் எழுதியிருந்தார்கள். தேனி மாவட்டம் என்றால் முல்லைப் பெரியாறு, ஏலக்காய், திராட்சை என்று வரிசையாக மூன்று தலைப்புகள் தயாராக நிற்கும். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது; அதற்கு இனி என் சிபாரிசு வேண்டியதில்லை. நான் எடுத்துக்கொண்டது பஸ் டிக்கெட்டையும் பெட்ரோல் காசையும்.

இந்தப் பக்கத்து வீடுகளில் அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று கேட்டால் உடனே பதில் வரும். போன மாதம் போய்வந்த வகையில் எவ்வளவு செலவு என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரம்மா வீட்டுக்காரரைப் பார்ப்பார். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அது ஆகும்ங்க, ஆயிரம் ரெண்டாயிரம்" என்பார். அதில் பெட்ரோல் உண்டா, வண்டி டியூ உண்டா, பையனுடைய ஸ்கூல் வேன் உண்டா, போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோ உண்டா என்று கேட்கக் கேட்க அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகும். ஒருவருடைய பையிலிருந்து மட்டும் போகாத செலவு இது. அதனால்தான் யாருக்கும் முழுத் தொகை தெரிவதில்லை.

அரசின் கணக்கில் என்ன இருக்கிறது? தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2022-23இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, அதற்கு முன் 2011-12இல் எடுத்த ஆய்வுக்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு வந்தது. இந்தியக் கிராமங்களில் ஒருவருடைய மாதச் செலவில் போக்குவரத்தின் பங்கு 2011-12இல் 4.20 சதவீதம், 2022-23இல் 7.55 சதவீதம். நகரங்களில் 6.52 சதவீதம் 8.59 ஆனது. இதே காலத்தில் கிராமங்களில் தானியச் செலவு 10.75 சதவீதத்திலிருந்து 4.91 சதவீதத்துக்கு இறங்கியது. அரிசி, கோதுமை, கம்பு, சோளம் எல்லாவற்றையும் சேர்த்து ஆகிற செலவைவிடப் போய்வருகிற செலவு கிராமத்திலேயே பெரிதாகிவிட்டது என்று பொருள். வருமானம் உயர உயர உணவின் பங்கு குறையும் என்று 1857இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை வைத்து எர்ன்ஸ்ட் எங்கெல் சொன்னார். பொருளாதார மாணவர்கள் முதலாண்டிலேயே படிப்பது. உணவு விட்டுக்கொடுத்த இடத்தில் வந்து உட்கார்ந்தவற்றில் முதல் வரிசையில் இருப்பது போக்குவரத்து.

தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஒருவருடைய மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். அகில இந்திய விகிதத்தை இதன்மேல் போட்டுப் பார்த்தால், நால்வர் உள்ள கிராமத்துக் குடும்பத்துக்கு மாதம் 1,600 ரூபாயும், நகரத்துக் குடும்பத்துக்கு 2,600 ரூபாயும் போக்குவரத்துக்கு ஆகும். இது என் உத்தேசக் கணக்குதான். ஆனால் இதைச் சொன்னதும் முன் வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்கிற சிரிப்பு அது. காரணம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கிய பணம் அந்த ஆய்வில் போக்குவரத்து வரியில் வருவதில்லை. கட்டில், பீரோ, குளிர்பதனப் பெட்டியோடு சேர்ந்து நீடித்த பொருள்கள் என்கிற வரியில் போகிறது. கடனுக்குக் கட்டும் வட்டியோ நுகர்வுக் கணக்கிலேயே வருவதில்லை. பெட்ரோல் ஒரு பக்கத்தில், வண்டி இன்னொரு பக்கத்தில், வட்டி ஏட்டுக்கு வெளியே. நம் வீடுகளில் மாதம் பிறந்ததும் முதலில் எடுத்துவைக்கிற பணம் வண்டி டியூ. அதை விட்டுவிட்டுப் பயணச் செலவைப் பேச முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மதுரை மாவட்டத்திலிருந்து 1996இல் பிரிந்த இந்த மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 12,45,899 பேர். நூற்றுக்கு 54 பேர் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள். மாநிலச் சராசரியைவிட இது அதிகம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. தென்னையும் நெல்லும் வாழையுமாகக் கிடக்கிற பள்ளத்தாக்கு எப்படி நகர்ப்புறம் ஆகும் என்பார்கள். ஆறு நகராட்சிகள், இருபத்திரண்டு பேரூராட்சிகள். தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று ஒரே சாலையில் அடுத்தடுத்து ஊர்கள். மேற்கே போடி, அதற்குத் தெற்கே தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று மலையடிவாரத்தை ஒட்டி இன்னொரு வரிசை. ஒரு ஊரில் வீடு, அடுத்த ஊரில் கடை வேலை, அதற்கடுத்த ஊரில் கல்லூரி, தேனியில் கலெக்டர் ஆபீஸ். சென்னையில் ஒருவர் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போகிற தூரத்தைவிட அதிகமாக, கம்பத்துக்காரர் ஒருவர் தேனிக்கு நாற்பது கிலோமீட்டர் போய்வருகிறார். அவர் செய்வது நகரப் பயணம்தான். அவருக்குக் கிடைப்பது மட்டும் வெளியூர்ப் பேருந்து. இந்தப் பள்ளத்தாக்கை ஒரு நீண்ட நகரமாக யாரும் திட்டமிட்டுப் பார்த்ததில்லை என்பது என் முதல் குறை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். சாலையில் டி.வி.எஸ். நிறுவனத்தின் பஸ்கள் மதுரையை மையமாக வைத்து ஓடின. 1972இல் அவை அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பிற்பாடு ராணி மங்கம்மாள் பெயரில் ஒரு கழகம் திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடியது. 1997இல் தலைவர்கள் பெயரெல்லாம் நீங்கி, எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. இங்கே வயதானவர்கள் இன்னும் "பாண்டியன்ல வந்தேன்" என்று சொல்வதுண்டு. டி.வி.எஸ். பஸ் வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று எங்கள் தலைமுறைக்கு எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அவர்கள் பாராட்டியது கட்டணத்தை அல்ல, நேரத்தை. இதை நினைவில் வையுங்கள். நான் சொல்லவருவதற்கு இது வேண்டும்.

ரயிலுக்கு நேர்ந்ததுதான் வேதனை. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு போடி ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். தேனிக்குப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல், போடிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். பாதை மூடியபோது ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளை, ரயில் திரும்பி வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த இடைவெளியில்தான் வண்டிக் கடன் கடைக்குக் கடை கிடைக்கத் தொடங்கியது. வீடுகள் இரு சக்கர வாகனத்துக்கு மாறின, மாறியவை திரும்பவில்லை. ரயில் திரும்பி வந்தபோது மதுரைக்கும் தேனிக்கும் கட்டணம் 45 ரூபாய் வைத்தார்கள். சங்கடம் கட்டணத்தில் இல்லை, அதன் நேரத்தில். காலை எட்டரை மணி வாக்கில் மதுரையில் கிளம்பி இங்கே வரும்; மாலையில் இங்கிருந்து கிளம்பி மதுரைக்குப் போகும். மதுரைக்காரர் தேனிக்கு வந்து ஒரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். தேனிக்காரர் மதுரைக்குப் போய், கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை முடித்து அன்றைக்கே திரும்ப அது உதவாது. சுமார் 590 கோடி ரூபாய் செலவழித்து அகலமாக்கிய பாதையில் வண்டி எந்தப் பக்கமிருந்து காலையில் கிளம்ப வேண்டும் என்பதை முடிவு செய்ய எத்தனை கோடி ஆகும் என்று ரயில்வேக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். சின்னமனூரும் உத்தமபாளையமும் கம்பமும் அந்தப் பாதையில் இல்லவே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் குமுளி அடிவாரம் வரை ரயில் கேட்கும் கோரிக்கை மனுக்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறைச் சொத்து மாதிரி கைமாறி வருகின்றன.

இப்போது கட்டணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வெளியூர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு. 2011இல் 28 காசு 42 ஆனது; 2018 ஜனவரியில் 42 காசை 60 ஆக்கினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் பத்து நாளில் இரண்டு காசைக் குறைத்தார்கள். குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளத்தில் 2022 மே முதல் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 1 ரூபாய். ஆக, இந்தியாவின் மலிவான பேருந்துக் கட்டணங்களில் ஒன்று நம்முடையது.

மோட்டார் சைக்கிளுக்கு வாருங்கள். 100 சிசி வண்டி லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியானால் பெட்ரோல் மட்டும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 80 காசுக்கு மேல். ஒருவர் பேருந்தில் போகிற செலவைப் போல மூன்று மடங்கு. மூன்று பேர் ஒரு வண்டியில் போனால்தான் பேருந்துக் கட்டணத்துக்குச் சமமாகும். நம் ஊர்ச் சாலைகளில் 'ட்ரிபிள்ஸ்' போகிற பிள்ளைகளைப் போலீஸ் நிறுத்தும்போதெல்லாம், இவர்கள் பொருளாதாரம் படித்தவர்களோ என்று எனக்குத் தோன்றும்.

2018இல் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது சென்னையில் பெட்ரோல் 75 ரூபாய்க்குள் இருந்தது. அதற்குப் பிறகு பெட்ரோல் கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. 58 காசு அங்கேயே நிற்கிறது. விலையை மட்டும் பார்த்தால் மக்கள் வண்டியை விட்டுப் பேருந்துக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடினார்களா? நம் ஊர் எந்தக் கடைவீதிக்கும் சாயங்காலம் போய்ப் பாருங்கள். வண்டி நிறுத்த இடமில்லை.

ஒரு கணக்கு போடுவோம். குச்சனூர், மார்க்கையன்கோட்டைப் பக்கம் பெரிய சாலையிலிருந்து விலகிய ஊர் ஒன்றில் வீடு. தேனியில் ஜவுளிக்கடையிலோ பாத்திரக்கடையிலோ வேலை. தூரம் 25 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக 15 ரூபாய், வர 15 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 780 ரூபாய். அதே ஆள் மோட்டார் சைக்கிளில் போனால் பெட்ரோல் ஏறத்தாழ 2,400 ரூபாய். புது வண்டி ஒரு லட்சத்தை ஒட்டி வருகிறது. மூன்று வருடத் தவணையில் டியூ 3,000 ரூபாய்க்குக் குறையாது. மொத்தம் 5,400. பேருந்தைவிட மாதம் 4,600 ரூபாய் கூடுதல். பத்துப் பதினைந்தாயிரம் சம்பளக்காரர் இதைத் தெரிந்தே செய்கிறார். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைப்பது நம் அறியாமை. கடை அடைக்கும்போது இரவு ஒன்பதரை, பத்து. அந்த நேரத்தில் அவர் ஊருக்குப் பேருந்து இல்லை, அல்லது இருந்தும் 'ட்ரிப் கட்' ஆகிவிட்டால் இல்லை. வாரத்தில் ஒரு நாள் கட் ஆனாலும் போதும், மற்ற ஆறு நாளும் அந்தப் பேருந்தை நம்பியிருக்க முடியாது. அந்த 4,600 ரூபாய்தான் கடைசிப் பேருந்தின் விலை. பேருந்து ஓடாத நேரத்துக்காக அவர் கொடுப்பது. வண்டி வந்துவிட்ட பிறகு பால் ஊற்றவும், தோட்டத்துக்குப் போகவும், பிள்ளையை இறக்கிவிடவும் அதுவே ஆகிறது. ஆகவே அந்தச் செலவு முழுவதையும் ஒரு பேருந்தின் தலையில் கட்டுவது நியாயமில்லைதான். ஆனால் வாங்க வைத்த காரணம் எது என்று கேட்டால், முதல் காரணமாக இதைத்தான் சொல்வேன். யாகோவ் ஸஹாவி என்கிற ஆய்வாளர் 1970களில் பல நாட்டு நகரங்களின் பயணக் கணக்குகளைப் பார்த்து, மக்கள் பயணத்துக்கு ஒதுக்குவது பணத்தை மட்டுமல்ல, நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தையும்தான் என்று சொன்னார். நேரம் தீர்ந்துபோகிறவர்கள் பணத்தைக் கொடுத்து அதை வாங்குவார்கள்.

அரசு எந்தப் பக்கம் நிற்கிறது? இரண்டு பக்கமும். இதில் நம் மண்ணுக்குச் சம்பந்தமுண்டு. 2018இல் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது நிதித்துறையைக் கையில் வைத்திருந்தவர் பெரியகுளத்து ஓ.பன்னீர்செல்வம். அடுத்த மாதமே, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய், அரசு தரும் திட்டம் தொடங்கியது. 2021 ஆகஸ்டு நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் மீதான மாநில வரியில் 3 ரூபாய் குறைத்தவர் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த உத்தமபாளையத்து பி.டி.ராஜனின் பேரன். மாநிலத்தில் 2.63 கோடி இரு சக்கர வாகனங்கள் இருப்பதை அந்த நிதிநிலை உரையில் காரணமாகச் சொன்னார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்றார். 2023இல் அதே அரசு புது இரு சக்கர வாகனத்தின் ஆயுள் வரியை 8 சதவீதத்திலிருந்து, லட்சம் ரூபாய் வரை 10, அதற்கு மேல் 12 என்று உயர்த்தியது. பெட்ரோலில் கொடுத்ததை வண்டியில் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட வீட்டுக் கணக்கை மாற்றியது 2021 மே 8ஆம் தேதி தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம். பின்னர் 'விடியல் பயணம்' என்று பெயர் வைத்தார்கள். மாநிலத் திட்டக்குழு மதுரை உட்பட மூன்று மாவட்டங்களில் ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. நான் சற்று முன் சொன்ன 780 ரூபாய் கணக்கோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2025-26இல் இதற்காக மாநில அரசு ஒதுக்கியது 3,600 கோடி ரூபாய். டெல்லி 2019இல் தொடங்கியது, கர்நாடகம், தெலங்கானா 2023இல் வந்தன, ஆந்திரம் 2025இல்.

நான் இதில் பார்ப்பது தொகையைவிட அது யார் கைக்குப் போகிறது என்பதை. முன்பு சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண் சந்தைக்குப் போக வேண்டுமானால் பஸ்ஸுக்குக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பது என்றால் எதற்கு, யாரோடு, எப்போது திரும்புவாய் என்கிற கேள்விகளும் சேர்ந்து வரும். இன்று அந்தக் கேள்விகள் இல்லாமலேயே அவர் போகிறார். வேலைக்குப் போகிற பெண் மிச்சமான பணத்தைச் சீட்டுக் கட்டுகிறார், மகளிர் குழுவில் போடுகிறார். கல்லூரியில் பெண் பிள்ளைகள் சேர்வதில் இதற்குப் பங்கு உண்டு என்று இங்கே இருக்கிற பேராசிரியர்கள் பலர் என்னிடம் சொன்னார்கள். ஒரே வீட்டில் மகள் வெள்ளைப் போர்டு பஸ்ஸில், அதாவது அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில், செலவில்லாமல் கல்லூரிக்கு வருகிறாள். மகனுக்கு வண்டி வாங்கித் தர வேண்டியிருக்கிறது. மகளுக்குச் செலவாகாதது நல்லதுதான். மகனுக்கு ஆகிற செலவை வீடு குறை சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் நம் பள்ளத்தாக்குக்கு இந்தத் திட்டம் பாதிதான் பொருந்துகிறது. கட்டணமில்லாப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும். தனியார் பேருந்தில் கிடையாது, மினி பஸ்ஸில் கிடையாது, வெளியூர் ரூட் பஸ்ஸில் கிடையாது. தேனியிலிருந்து கம்பம், குமுளி போகும் பெரிய சாலையில் நள்ளிரவிலும் பேருந்து உண்டு. அவை ரூட் பஸ்கள், டிக்கெட் எடுக்க வேண்டும். கிளைச் சாலைகளில் வெள்ளைப் போர்டு உண்டு. அது நினைத்த நேரத்துக்கு வராது. இலவசம் ஓடும் சாலையில் நேரம் இல்லை, நேரம் உள்ள சாலையில் இலவசம் இல்லை. அதனால் பெண்கள் ஒரு ஊரில் இறங்கி அடுத்த டவுன் பஸ்ஸுக்கு நின்று, மாறி மாறிப் போகிறார்கள். 25 ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அந்த மணி நேரத்துக்கு எந்த ஆய்வும் விலை போடுவதில்லை. லக்சம்பர்க் நாட்டில் 2020 பிப்ரவரி கடைசியிலிருந்து பேருந்து, ரயில், டிராம் எல்லாம் எல்லோருக்கும் இலவசம். கார்கள் மட்டும் குறைந்தபாடில்லை. இலவசம் ஏழையின் கையில் பணத்தை வைக்கும். அதற்காகவே அது வேண்டும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வர வைப்பதற்கு நேரம் தவறாத பேருந்து வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று. மாவட்டத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கூடலூரிலிருந்து வருகிறவருக்கு மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி மாதிரி. தேனிப் புதுப் பேருந்து நிலையம், கர்னல் பென்னிகுவிக் பெயரில் இருப்பது, ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் இருக்கிறது. அங்கே இறங்கி மாற வேண்டும். மருத்துவம் இலவசம், மாத்திரை இலவசம். நோயாளியும் கூட ஒருவரும் போய்வர, நடுவில் ஷேர் ஆட்டோ, டீ, அன்றைய கூலி இழப்பு எல்லாம் சேர்த்தால், பக்கத்து ஊர்த் தனியார் டாக்டருக்குக் கொடுக்கும் ஃபீஸே மேல் என்று ஆகிவிடுகிறது. பல குடும்பங்கள் அப்படித்தான் முடிவு செய்கின்றன. வீட்டுக் கணக்கில் அது மருத்துவச் செலவு என்று ஏறும். அது உண்மையில் பயணச் செலவு.

கணக்கில் வரவே வராத ஒரு பயணமும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த மேடையிலிருந்து இறங்க எனக்கு மனமில்லை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியுமுன்பே எழுந்து சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்று மலைப்பாதைகளிலும் அந்த ஜீப்கள் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. மாலையில் இறங்குகின்றன. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று சட்டம் சொல்வதற்கும், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் சாலையோரம் நின்றால் தெரியும். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்தியும் நமக்குப் புதிதில்லை.

இவர்களில் பலர் நகராட்சி எல்லைக்குள் வாழ்பவர்கள், கணக்கெடுப்பில் நகர்ப்புறத்தவர்கள். இவர்களுடைய பயணச் செலவு என்ன? கேட்டால், "ஜீப்புக்கு நாங்க குடுக்கிறதில்ல, தோட்டத்துக்காரங்க குடுத்துருவாங்க" என்பார்கள். பெரும்பாலும் ஜீப்காரரே ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவராகவும் இருப்பார். ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்தில் வாங்கிக்கொள்வார். தோட்டத்துக்காரருக்கு ஜீப் வாடகையும் கூலியும் ஒரே செலவு. ஒன்று கூடினால் மற்றதில் கை வைப்பார். ஆகவே இந்தப் பெண்கள் பயணத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள், கைக்கு வராத கூலியாக. வெள்ளைப் போர்டு பஸ் இவர்களுக்கு உதவாது; அந்த நேரத்துக்கு அந்தத் தோட்டப் பாதைக்கு அது போகாது. 2020இல் ஊரடங்கில் மலைப்பாதைகள் அடைத்தபோது, ஜீப் நின்றதும் வேலையும் நின்றது. பயணமே வேலையாக இருக்கிறவர்களுக்குப் பயணச் செலவு எவ்வளவு என்று எந்தப் படிவத்தில் கேட்பது?

நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை இன்னும் குறைக்கச் சொல்லவில்லை. அடுத்து வரும் ரூபாயை நேரத்துக்குச் செலவழிக்கச் சொல்கிறேன். தேனிக்கும் கூடலூருக்கும் இடையே பெரிய சாலை முழுவதற்கும் வெள்ளைப் போர்டு பஸ் கால் மணிக்கொன்று ஓட வேண்டும்; நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் அது நகரமில்லை என்கிற பழைய எண்ணத்தை விட வேண்டும். கிளைச் சாலை ஒவ்வொன்றிலும் இரவு பத்து மணிக்குக் கடைசிப் பேருந்து ஒன்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போயே ஆக வேண்டும். காலியாகப் போகிற அந்தப் பேருந்தை நஷ்டம் என்று எழுதாதீர்கள். அது போவதால்தான் மற்றப் பேருந்துகளில் ஆள் ஏறுவார்கள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் வழித்தடம் பிரிக்கும்போது பஸ் போகாத ஊரைப் பார்ப்பதோடு, பஸ் போகாத நேரத்தையும் பார்க்கலாம். போடியிலிருந்து காலையில் மதுரைக்கு ஒரு ரயில் வேண்டும். ஏலத்தோட்ட ஜீப்களுக்குப் பதிலாக இரண்டு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் அதிகாலைப் பேருந்து விட முடியுமா என்று யாராவது ஒருமுறை உட்கார்ந்து பேசியாவது பார்க்க வேண்டும்.

பொருளியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேலை. மாநில அளவு ஆய்வுகளில் நம் மாவட்டம் ஒரு சில மாதிரி வீடுகள்தான். நீங்களே எடுங்கள். எவ்வளவு செலவு என்று மட்டும் கேட்காதீர்கள்; யார் பையிலிருந்து போனது, எந்த நேரத்தில் போனது, பேருந்துக்கு எவ்வளவு நேரம் நின்றார்கள், பேருந்து இல்லை என்பதால் போகாமல் விட்டது எது என்று கேளுங்கள். வண்டி டியூவைத் தனி வரியாக எழுதுங்கள். ஜீப் ஏறுகிற வீடுகளுக்குப் பகலில் போகாதீர்கள், ஆள் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள்; ஜீப் வாடகை பற்றி அவர்களிடம் மட்டும் கேட்டு முடித்துவிடாமல், ஜீப்காரரிடமும் தோட்டத்துக் கணக்கரிடமும் கேட்டு, மூன்றையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.